மேஜைக்கு டி.வி.யா, மானிட்டரா? கண்ணையும் கழுத்தையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்!

"டாக்டர், பையனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும். 24 இன்ச் மானிட்டர் வாங்கற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா 32 இன்ச் டி.வி.யே வந்துடும்போல இருக்கு. பாடமும் படிக்கலாம், கிரிக்கெட்டும் பார்க்கலாம். டி.வி.யையே மேஜை மேல வெச்சுட்டா என்ன?"

2020-ல் ஊரடங்கு வந்து, ஆபீஸும் பள்ளிக்கூடமும் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. 'இதை எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரரிடம் அல்லவா கேட்கவேண்டும், வைத்தியரிடம் எதற்கு?' என்று நீங்கள் நினைக்கலாம். கடைக்காரர் வேலை பில் போட்டதும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தினமும் ஏழெட்டு மணி நேரம் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டப் போவது உங்கள் கண்ணும் கழுத்தும்தான். அவை மக்கர் செய்ய ஆரம்பித்தால் வந்து நிற்பது எங்கள் வாசலில்!

அதனால் இந்த விஷயத்தை வைத்தியர் கண்ணோட்டத்திலேயே பார்த்துவிடுவோம். ஒன்றும் கடினமில்லை. ஒரு நீளமான நூல், இல்லாவிட்டால் தையல்காரர் வைத்திருக்கும் டேப், இது ஒன்று போதும்.

எட்ட இருந்து பார்ப்பதும் கிட்ட இருந்து படிப்பதும்

முதலில் ஒரு அடிப்படை விஷயம். டி.வி. என்பது ஹாலில் சோபாவில் சாய்ந்துகொண்டு ஏழெட்டு அடி தூரத்தில் இருந்து படம் பார்ப்பதற்காகச் செய்தது. மானிட்டர் என்பது கைக்கெட்டும் தூரத்தில் வைத்து எழுத்தைப் படிப்பதற்காகச் செய்தது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். செய்த நோக்கம் வேறு.

நம் கண்ணும் இந்த இரண்டு வேலையையும் ஒரே மாதிரி செய்வதில்லை. தூரத்தில் உள்ள பொருளைப் பார்க்கும்போது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைப் பிடித்திருக்கும் சிறு தசை தளர்ந்து ஓய்வாக இருக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது அந்தத் தசை இறுகி, லென்ஸைத் தடிப்பாக்கிக் கொடுக்கிறது. கூடவே இரண்டு கருவிழிகளும் மூக்குப் பக்கமாகச் சற்று உள்ளே திரும்பவேண்டும். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நிற்பது போலத்தான். ஒரு நிமிடம் என்றால் தெரியாது. மணிக்கணக்கில் என்றால்?

சாயங்காலம் ஆனதும் கண் எரிச்சல், நெற்றிப் பொட்டில் வலி, எழுத்து மங்கல், பிடரியில் பாரம் என்று வருவது இதனால்தான். ஆங்கில மருத்துவத்தில் இதற்குக் 'கம்ப்யூட்டர் விஷன் சிண்ட்ரோம்' என்று பெயர். சித்த மருத்துவத்தில் கண் தேயு, அதாவது நெருப்பின் பொறி. கண் நோய்களை 96 வகையாகப் பிரித்த மரபு நம்முடையது. எரிச்சலும் சிவப்பும் அழல் மிகுந்ததன் அறிகுறி என்போம். பெயர் எதுவானாலும் சரி, உட்காரும் முறையைத் திருத்தாமல் மருந்தை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பிய கதைதான்.

நூல் கணக்கு: எவ்வளவு பெரிய ஸ்கிரீன்?

கடையில் 24 இன்ச், 32 இன்ச், 43 இன்ச் என்று சொல்கிறார்களே, அது ஸ்கிரீனின் அகலம் அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை குறுக்காக அளந்த நீளம். இந்த அளவை வைத்தே உங்களுக்குப் பொருத்தமானதைக் கண்டுபிடித்துவிடலாம்.

நூலை எடுத்து ஸ்கிரீனின் மூலைக்கு மூலை பிடியுங்கள். அதே நீளம், குறைந்தது அந்த நீளமாவது, உங்கள் கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே இருக்கவேண்டும். 24 இன்ச் என்றால் 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி. 27 இன்ச் என்றால் 68 சென்டிமீட்டர். 32 இன்ச்சுக்கு 80 சென்டிமீட்டர். 43 இன்ச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேலே. 55 இன்ச் என்றால் நாலரை அடி!

இப்போது உங்கள் வீட்டு மேஜையை அளந்து பாருங்கள். சுவரிலிருந்து உங்கள் பக்க விளிம்புவரை பெரும்பாலும் இரண்டடிதான் இருக்கும். டி.வி.யோ, மானிட்டரோ, அதன் கால் கொஞ்சம் இடம் பிடிக்கும். ஸ்கிரீன் சுவரை ஒட்டி நிற்காது. நீங்களும் மேஜை விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருவீர்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே இரண்டடி, இரண்டேகால் அடிதான் தேறும். ஆக, சாதாரண மேஜைக்கு 24 இன்ச், மிஞ்சிப்போனால் 27 இன்ச். அதற்கு மேலே உள்ளதை மேஜை தாங்கலாம். கண் தாங்காது.

'பெரிசா இருந்தா கண்ணுக்கு நல்லதுதானே?' என்பார்கள். எட்டி உட்கார இடம் இருந்தால் நல்லதுதான். 43 இன்ச் டி.வி.யின் அகலம் 95 சென்டிமீட்டர். அதை இரண்டடி தூரத்தில் வைத்துப் படித்தால், ஒவ்வொரு வரிக்கும் தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பவேண்டும். டென்னிஸ் மேட்ச்சை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது போல! 24 இன்ச் ஸ்கிரீனின் அகலம் 53 சென்டிமீட்டர். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓட்டினாலே போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 'விலை குறைஞ்சிருக்கு, பெரிசா எடுத்துடலாம்' என்கிற ஆசை வருவது சகஜம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டருக்கும் அதே தேதியில் அதே குறைப்பு உண்டு. வரி குறைந்தது என்பதற்காக மேஜை நீளாது. நூல் கணக்கை மறக்கவேண்டாம்.

புள்ளிக் கணக்கு: எழுத்து ஏன் மங்கலாகத் தெரிகிறது?

ஸ்கிரீனில் தெரியும் படம், எழுத்து எல்லாமே சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனவை. கோலம் போடும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அதே எண்ணிக்கைப் புள்ளியைச் சின்ன வாசலில் நெருக்கமாக வைத்தால் கோலம் நுணுக்கமாக இருக்கும். தெரு அடைக்கப் பரப்பினால் இடைவெளி பல்லிளிக்கும். ஸ்கிரீனும் அப்படித்தான்.

'ஃபுல் ஹெச்.டி.' என்றால் படுக்கை வாட்டில் 1920 புள்ளி, நெடுக்கு வாட்டில் 1080 புள்ளி. இதை 24 இன்ச்சில் அடைத்தால் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 புள்ளி. அதையே 43 இன்ச் டி.வி.யில் பரப்பினால் ஒரு இன்ச்சுக்கு 51 புள்ளிதான். விலை மலிவாகக் கிடைக்கும் 32 இன்ச் டி.வி.க்களில் பலவற்றில் 'ஹெச்.டி. ரெடி' என்று எழுதியிருக்கும். அதில் 1366-க்கு 768 புள்ளிகள். இன்ச்சுக்கு 49 புள்ளிதான் வரும். எட்டடி தூரத்தில் இருந்து சீரியல் பார்க்க இது தாராளம். இரண்டடியில் வைத்து எக்ஸெல் கணக்குப் பார்த்தால் எழுத்தின் ஓரம் ரம்பப் பல் மாதிரி தெரியும். அதைத் தெளிவாக்கக் கண் விடாமல் முயற்சி பண்ணும். தோற்கும். மறுபடி முயற்சி பண்ணும். நாம் நம்மை அறியாமல் முகத்தை முன்னால் நீட்டுவோம். அங்கேதான் கழுத்து வலிக்குப் பிள்ளையார் சுழி!

இது புதிய பிரச்னையும் இல்லை. 1982-ல் வெளிநாடுகளில் வந்த 'கமோடோர் 64' என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை வீட்டு டி.வி.யில்தான் இணைத்தார்கள். அதில் ஒரு வரிக்கு 40 எழுத்துதான் காட்டினார்கள். அந்தக் கால டி.வி.யில் அதற்கு மேல் எழுத்தைத் தெளிவாகக் காட்டுவது கஷ்டம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் மானிட்டரில் ஒரு வரிக்கு 80 எழுத்து வந்தது. விளையாட்டுக்கு டி.வி., எழுத்து வேலைக்கு மானிட்டர் என்ற பிரிவினை அன்றைக்கே வந்துவிட்டது.

அப்படியானால் டி.வி.யே கூடாதா? அப்படியும் இல்லை. 'ஃபோர் கே' வகையில் 3840-க்கு 2160 புள்ளிகள். 43 இன்ச் ஃபோர் கே டி.வி.யில் இன்ச்சுக்கு 102 புள்ளி வருகிறது. எழுத்து தெளிவாகவே இருக்கும். மூன்றரை அடி தள்ளி உட்கார இடமிருந்தால் அதைத் தாராளமாக உபயோகிக்கலாம். தடையாக இருப்பது பெரும்பாலும் புள்ளி அல்ல, இடம்.

உயரம்: கழுத்தின் நீதிமன்றம்

இப்போது அதே நூலால் இன்னொரு அளவு. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். மேஜைப் பலகையிலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு 40-லிருந்து 45 சென்டிமீட்டர் இருக்கும். ஸ்கிரீனின் மேல் விளிம்பு இந்த உயரத்தைத் தாண்டக்கூடாது. சற்றுத் தாழ்வாக இருந்தால் இன்னும் உத்தமம்.

24 இன்ச் மானிட்டரின் பலகை உயரம் 30 சென்டிமீட்டர். கீழே ஸ்டாண்டு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர். மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். 43 இன்ச் டி.வி.யின் பலகை உயரமே 53 சென்டிமீட்டர். காலையும் சேர்த்தால் 60 சென்டிமீட்டரை எட்டிவிடும். அதாவது கண்ணுக்கு மேலே முக்கால் சாண்! நாள் முழுக்க அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

நம் தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. முதுகெலும்புக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும்வரை கழுத்துக்கு அந்தப் பாரம் தெரியாது. முன்னால் நீட்டினாலோ, பின்னால் சாய்த்தாலோ பிடரித் தசைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். இது வருஷக்கணக்கில் நீடித்தால் கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வலி கூடும். கழுத்தில் ஆரம்பித்துத் தோள், கை என்று இறங்கும் இந்த வலியைச் சித்த மருத்துவத்தில் 'சகன வாதம்' என்பார்கள்.

வீட்டிலிருந்தே சாப்ட்வேர் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் வந்தார். வயது முப்பதைத் தாண்டவில்லை. எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை. ஆனால் பிடரி பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. "தைலம் போட்டா ரெண்டு நாள் சரியாகுது சார், மறுபடி வந்துடுது" என்றார். "ஸ்கிரீன் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். "அப்பா ஆசையா 43 இன்ச் டி.வி. வாங்கிக் கொடுத்தாரு. ரெண்டடி மேஜைலதான் வெச்சிருக்கேன்" என்றார். டி.வி.யை ஹால் சுவருக்கு அனுப்பிவிட்டு மேஜைக்கு 24 இன்ச் மானிட்டர் வந்தது. அதே உளுந்துத் தைலம், அதே வெந்நீர் ஒற்றடம்தான். இந்த முறை வலி திரும்ப வரவில்லை. அப்பாவும் சந்தோஷமாகக் கிரிக்கெட் பார்க்கிறார்!

மானிட்டர் வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். மலிவு மானிட்டர்களில் ஸ்டாண்டு முன்னும் பின்னும் சாயும், மேலும் கீழும் நகராது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்டு உள்ளது கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். ஒரே மேஜையில் காலையில் அம்மா, சாயங்காலம் பத்து வயதுப் பிள்ளை என்று மாறி மாறி உட்காரும் வீட்டில் இது மிகவும் உபயோகம். காசு இல்லையா? தடிமனான இரண்டு பழைய புத்தகத்தை அடியில் வையுங்கள், முடிந்தது. தாழ்வாக இருப்பதை உயர்த்த வழியுண்டு. உயரமான டி.வி.யைத் தாழ்த்தத்தான் வழியே இல்லை!

இமை கொட்ட மறந்த கண்

நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் இமை கொட்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகக் கண்மேல் பரவுகிறது. ஸ்கிரீனில் எழுத்தைக் கூர்ந்து படிக்கும்போது இந்தக் கொட்டல் பாதிக்கும் கீழே போய்விடும். கண் காய்ந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்தும்.

அண்ணாந்து பார்த்தால் இது இன்னும் மோசம். கீழே பார்க்கும்போது மேல் இமை பாதிக் கண்ணை மூடிக் காக்கிறது. மேலே பார்க்கும்போது கண் அகலத் திறந்துகொள்கிறது. அதிக இடத்திலிருந்து ஈரம் ஆவியாகிறது. தலைக்கு மேலே ஃபேன், எதிரே ஏ.சி. என்றால் சொல்லவே வேண்டாம். உயரமான டி.வி. கழுத்துக்கு மட்டுமல்ல, கண்ணீருக்கும் எதிரி என்பது இப்போது புரிகிறதல்லவா?

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் உள்ள ஒன்றை, இருபது விநாடி பாருங்கள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாமரத்தைப் பார்த்தாலும் போதும். கண்ணுக்குள் இறுகிய தசை தளரும். அப்போது பத்து தடவை நிதானமாக இமையை முழுக்க மூடித் திறங்கள். இதற்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

நாற்பது தாண்டியவர்களுக்கு

நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. படிக்கிற கண்ணாடியைப் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது சுமார் 40 சென்டிமீட்டருக்கு, கணக்குப் பண்ணித்தான் கொடுப்பார்கள். மானிட்டரோ 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள், கீழ்ப்பாகம் வழியாக ஸ்கிரீனைப் படிக்கத் தாடையைத் தூக்குவார்கள். ஸ்கிரீன் உயரமாக இருந்தால் தாடை இன்னும் மேலே போகும். கழுத்து என்ன ஆகும் என்று சொல்லவேண்டுமா?

இவர்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஸ்கிரீனை மற்றவர்களைவிட நாலைந்து சென்டிமீட்டர் தாழ்த்தி வையுங்கள். கண் டாக்டரிடம் போகும்போது, உங்கள் கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதிக் கொடுப்பார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வதையும் விட்டுவிடக்கூடாது.

ஏற்கெனவே டி.வி. வாங்கியாச்சு, என்ன செய்ய?

கவலை வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். சில திருத்தங்கள் செய்தால் போதும்.

முதலில் இடம். மேஜையைச் சுவரை ஒட்டிப் போடாமல் முன்னால் இழுத்துப் போடுங்கள். டி.வி.யைப் பின்னால் சுவரில் தாழ்வாக மாட்டுங்கள். நூல் கணக்குப்படி தூரம் கிடைக்கும், மேல் விளிம்பும் கண் மட்டத்துக்கு இறங்கும்.

அடுத்தது செட்டிங். டி.வி.யில் படம் பளிச்சென்று தெரிவதற்காக 'ஷார்ப்னஸ்' என்பதைக் கூட்டி வைத்திருப்பார்கள். சினிமாவுக்கு அது சரி. எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் விழும். அதைக் குறையுங்கள். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' என்ற பெயர்களில் ஒரு வசதி இருக்கும், அதைப் போடுங்கள். சில டி.வி.க்களில் கம்ப்யூட்டர் ஒயர் சொருகிய இடத்துக்குப் 'பி.சி.' என்று பெயர் மாற்றினால் வண்ண எழுத்துகளின் ஓரம் பிசிறடிப்பது நிற்கும். மௌஸை நகர்த்தினால் அம்பு ஒரு கணம் தாமதமாக வருகிறதா? 'கேம் மோட்' போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வெளிச்சம். ஹால் வெளிச்சத்தை மீறித் தெரியவேண்டும் என்று டி.வி.யைப் பிரகாசமாக வைத்திருப்பார்கள். கிட்டத்தில் அது கண்ணைக் கூசும். ஒரு வெள்ளைத்தாளை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். தாளும் ஸ்கிரீனின் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை குறையுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு உட்காராதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அது ஸ்கிரீனில் கண்ணாடி போலத் தெரியும். பளபளப்பான டி.வி.யில் இந்தத் தொல்லை அதிகம். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதுதான் நல்லது.

குழந்தைகளும் பழைய பயமும்

"கிட்ட உட்கார்ந்து டி.வி. பார்க்காதே, கண்ணு போயிடும்!" என்று கேட்டு வளராதவர் யார்? அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 1967-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சில கலர் டி.வி.க்களிலிருந்து அளவுக்கு மீறி எக்ஸ்-ரே கசிந்தது தெரியவந்தது. அடுத்த வருஷமே இதற்கென்று அங்கே சட்டம் வந்தது. அது பின்னால் கூம்பு வைத்த குழாய் டி.வி.யின் காலம். இன்றைய தட்டை டி.வி.யிலோ, மானிட்டரிலோ அந்தக் குழாய் இல்லை, அந்தக் கதிரும் இல்லை.

ஆனால் குழந்தை கிட்டக் கிட்டப் போகிறது என்றால் வேறொரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். தூரத்தில் இருப்பது அதற்குத் தெரியவில்லையோ என்னவோ? கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, அடிக்கடி தலைவலி என்பது, கரும்பலகை தெரியவில்லை என்பது, இவை இருந்தால் உடனே கண் பரிசோதனை செய்யுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் டி.வி.க்கு ஒரு நல்ல இடம் உண்டு. ஆன்லைன் பாடத்தையோ, பாட வீடியோவையோ கையடக்க செல்போனில் முகத்தோடு ஒட்டிப் பார்ப்பதைவிட, ஹால் டி.வி.யில் இணைத்து ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பது கண்ணுக்கு எவ்வளவோ மேல். எழுதுவது, டைப் அடிப்பது என்று வந்தால் மட்டும் மேஜையும் மானிட்டரும். எதில் பார்த்தாலும் தினமும் இரண்டு மணி நேரம் வெட்டவெளியில் விளையாட விடுங்கள். கிட்டப்பார்வைக் குறை வராமல் தடுப்பதில் வெளிவெளிச்சத்துக்குப் பங்கு உண்டு என்று இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

நீலக் கண்ணாடி, கீரை, எண்ணெய்க் குளியல்

ஸ்கிரீனிலிருந்து வரும் நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி என்று ஒன்றைத் தலையில் கட்டுகிறார்கள். 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2023-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, சாதாரணக் கண்ணாடியைவிட இது கண் களைப்பைப் பெரிதாகக் குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறது. அந்தக் காசை நல்ல ஸ்டாண்டுக்குப் போடுங்கள்.

நம் பக்கத்திலும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் கண்ணுக்கு நல்லவை. அவற்றிலுள்ள சத்து உடம்பில் வைட்டமின் 'ஏ'-வாக மாறுகிறது. கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ சேர்த்துச் சமைத்தால்தான் அது நன்றாகச் சேரும். அதற்காக 43 இன்ச்சை இரண்டடியில் வைத்துவிட்டுக் கீரை சாப்பிட்டால் கழுத்து வலி போகாது! வாரம் இரண்டு முறை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது உடல் சூட்டைத் தணிக்கும் என்பது நம் முறை. காய்ச்சல், சளி இருக்கும்போது வேண்டாம். கண்ணுக்குள் மட்டும் தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு என்று வீட்டு வைத்தியமாக எதையும் விடாதீர்கள். கிருமி தொற்றினால் பார்வைக்கே ஆபத்து.

சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கைச் சொல்கிறது. தூக்கம், தாகம், பசி, சிறுநீர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தவர்கள் அடக்குவதும் சரியாக இவற்றைத்தான்! "இந்த ஒரு மெயில் முடிச்சுட்டு வர்றேன்" என்று சிறுநீரை அடக்குகிறார்கள், தாகத்தை மறக்கிறார்கள், நள்ளிரவுவரை தூக்கத்தைத் தள்ளுகிறார்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்கிரீனை அணைத்துவிடுங்கள்.

திடீரென்று பார்வை மறைப்பது, கண்முன் மின்னல் போலத் தெரிவது, சிவப்போடு கடும் வலி, கழுத்து வலியோடு கை மரத்துப்போவது, பிடி தளர்வது, இவற்றில் எது வந்தாலும் ஸ்கிரீனைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

ஆகவே, எதை வாங்குவது?

படிப்பு, கணக்கு, டைப்பிங் என்று தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எழுத்து வேலை இருந்தால், மேஜை இரண்டடி என்றால், கேள்வியே இல்லை. ஃபுல் ஹெச்.டி. 24 இன்ச் மானிட்டர் வாங்குங்கள். மூன்றரை அடி தள்ளி உட்கார இடம் இருக்கிறது, ஒரே பெட்டியில் வேலையும் பொழுதுபோக்கும் வேண்டும் என்றால் 43 இன்ச் ஃபோர் கே டி.வி.யைத் தாழ்வாக மாட்டி உபயோகிக்கலாம். ஹெச்.டி. ரெடி டி.வி.யை மட்டும் எழுத்து வேலைக்கு வாங்கவேண்டாம். படம் பார்ப்பதே பிரதானம், எப்போதாவதுதான் கம்ப்யூட்டர் என்றால் ஹாலில் இருக்கும் டி.வி.யே போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

கடைக்குப் போகும்போது மேஜையின் அளவையும், கண் மட்ட உயரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே ஓடும் கலர் கலரான படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கடைப் பையனிடம் சொல்லி வெள்ளைப் பின்னணியில் சின்னத் தமிழ் எழுத்துகளைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் உட்காரும் அதே தூரத்தில் நின்று ஐந்து நிமிடம் படியுங்கள். முகம் முன்னால் போகாமல், தாடை மேலே தூக்காமல் படிக்க முடிந்தால் அதுதான் உங்களுக்கான ஸ்கிரீன். பெட்டி பழசானால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணும் கழுத்தும் ஆயுசுக்கும் ஒரே செட்தான்!